மேஜரின் ஐந்து மாதங்கள்

அத்தியாயம் 17

போன வாரம் கோந்துக்காரரை வாசலோடு திருப்பி அனுப்பியதிலிருந்து கம்பிக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாயில் போட்டதை மென்றுகொண்டே இருப்பார். விழுங்க மறந்துபோகும்.

அந்த ஆள் கேட்டது ஒரே கேள்வி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க பொண்ணு லீவுல வந்திருந்தப்போ, தலைமையகத்துலேருந்து ஒரு கடிதம் வந்துச்சா சார்?

கம்பிக்காரரை அவர் ஆயுசில் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லிலேயே ஆடிப்போய்விட்டார். வரல என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

வந்தது. வாங்கியவரும் அவர்தான். ஒளித்து வைத்தவரும் அவர்தான்.

இடையில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. கம்பிக்காரர், கட்டடங்களுக்குக் கம்பி வளைத்துக் கட்டுகிறவர். மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. மூத்தவள் ராணுவத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருக்கிறாள். கேப்டனாக இருந்து மேஜர் ஆகிவிட்டாள். தெருவுக்கு மட்டும் இன்னும் கேப்டன்தான். பழகிய வாய் மாறவில்லை.

மேஜர் ஆனதில் தகராறு இல்லை. ஆன தேதியில்தான் தகராறு. கூடச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் வருஷ ஆரம்பத்தில் வந்த பதவி அவளுக்கு மட்டும் ஐந்து மாதம் தள்ளி வந்தது. அந்த ஐந்து மாதத்தில், பணிமூப்பு வரிசையில் அவளுக்குக் கீழே இருந்த ஏழு பேர் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒருவனுக்கு வடக்கயிறு இழுக்கவே அவள்தான் கற்றுக்கொடுத்தாள். புதிதாக அமையப்போகும் பாலப் பிரிவுக்கு யார் தலைமை என்பதையும் அந்த வரிசைதான் முடிவு செய்யும். அதற்கான பட்டியல் இந்த மாதக் கடைசியில் மூடப்படுகிறது.

நாலு மாதத்துக்கு முன்னால் தன் கோப்பில் 'பதில் வரவில்லை' என்றொரு குறிப்பைப் பெரியவள் பார்த்தாள். எதற்குப் பதில்? அப்படி ஒரு கடிதமே தனக்கு வரவில்லையே. நிர்வாகத் தாமதம், தேதியைத் திருத்துங்கள் என்று மனு போட்டாள்.

மாட்டிக்கொண்டவர் தபால் பிரிவு எழுத்தர், அந்தக் கோந்துக்காரர். முப்பத்தொரு வருஷமாக உறை ஒட்டி ஒட்டி விரலெல்லாம் கோந்து காய்ந்த மனிதர். பதிவேட்டில் அந்தக் கடிதத்துக்கான வரி மட்டும் வேறு மையில் இருந்தது. அனுப்பாமலே பிறகு எழுதிச் சேர்த்திருக்கிறார் என்று ஆகிவிட்டது. அவருக்கும் இந்த மாதம்தான் ஓய்வு. பேர் கெட்டு வீட்டுக்குப் போகப்போகிறார்.

இன்றைக்கு விசாரணை.

*

விடிந்ததும் சின்னவள் அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நாற்காலி முதுகில் மாட்டியிருந்தாள். அவளுக்கு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற வேலை. அடுத்தவர் மனுவெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும் என்பதால் அரசாங்க பாஷை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அக்காவின் மனுவை அடித்தவளும் அவள்தான். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய வாக்குமூலத்தையும் நேற்றே அடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒரு தடவை படித்துப் பாருங்கள், படிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது என்று காகிதத்தை நீட்டினாள்.

கம்பிக்காரர் விரலை வைத்துப் படித்தார். நாற்பது வயதுக்கு மேல், மருந்து அட்டையையும் பஸ் பலகையையும் காட்டிக் காட்டி மனைவி சொல்லிக்கொடுத்த எழுத்து. விரல் இல்லாமல் வராது. 'மேற்படி நாட்களில் எங்கள் இல்லத்துக்கு எவ்விதக் கடிதமும் வரப்பெறவில்லை என உறுதி கூறுகிறேன்.' விரல் பாதி வரியிலேயே நின்றுவிட்டது.

"என்னப்பா, புரியலையா? ஒண்ணும் வரலைன்னு அர்த்தம். நேராச் சொன்னா அவங்களுக்குப் புரியாது, அதான் சுத்தி வளைச்சு அடிச்சிருக்கேன்" என்றாள் சின்னவள்.

பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த பெரியவள் சிரித்தாள். தேதி மட்டும் சரியாகட்டும், உன்னையும் எங்கள் ஆபீசில் சேர்த்துவிடுகிறேன், அங்கே ஒருத்தருக்கும் எழுத வரவில்லை என்றாள். பெரியவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று கம்பிக்காரர் நினைத்தார்.

கம்பி முறுக்குகிற கொக்கியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனார். கட்டுக்கம்பிச் சுருளும் கொக்கிகளும் கிடக்கிற சாக்குப் பையின் அடியில் கைவிட்டு, அந்த உறையை எடுத்தார். பனியனுக்குள் செருகிக்கொண்டார். எதற்கு எடுத்துக்கொண்டு போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. கிழித்துப் போட இரண்டு வருஷமாகவே மனசு வரவில்லை.

*

பஸ்ஸில் பெரியவள் ஜன்னலோர இடத்தை அவருக்குக் கொடுத்தாள். சீருடையைப் பார்த்து எதிர்சீட்டுப் பெண்மணி குழந்தையின் காலை மடக்கிக்கொண்டாள்.

என்னென்ன கேட்பார்கள் என்று பெரியவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பயப்பட ஒன்றுமில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அந்தத் தபால் எழுத்தர் மேல் தனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை, ஆனால் பிழை நடந்தால் யாராவது ஒருவர் ஆமாம் என்று சொல்லித்தானே ஆக வேண்டும் என்றாள்.

"அந்த ஆள் நெஜமாவே அனுப்பியிருந்தா?" என்று கேட்டார் கம்பிக்காரர்.

"அனுப்பியிருந்தா வந்திருக்கும்லப்பா. நீங்கதானே வீட்ல இருந்தீங்க."

அவர் வெளியே பார்த்தார். பாதி எழும்பிய கட்டடம் ஒன்று வந்தது. தூண் தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன.

அந்த நாளும் இப்படி வெயிலாகத்தான் இருந்தது. மனைவிக்கு நுரையீரல் பழுதாகி, ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பெரியவள் இருபது நாள் லீவு எடுத்து வந்து, அம்மாவைத் தூக்குவதும் துடைப்பதுமாக ராத்தூக்கம் பகல்தூக்கம் இல்லாமல் கிடந்தாள். அவள் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம் தபால் வந்தது. கம்பிக்காரர் தலைமையகத்து முத்திரையைப் பார்த்தார். பிரித்து, விரலை வைத்துத் தேடினார். 'உடனடியாக' என்று இருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே 'நேரில்' என்று இருந்தது.

அந்த இரண்டு சொல் போதும் அவருக்கு. லீவு ரத்து, பெண்ணைத் திருப்பிக் கூப்பிடுகிறார்கள்.

உறையைச் சாக்குக்குள் போட்டார். அன்றைக்கு நடந்ததில் இந்தப் பாதியைத்தான் அவர் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார். மீதிப் பாதியின் பக்கம் போகவே மாட்டார்.

*

விசாரணை அறை மூன்றாவது மாடியில் இருந்தது. நீண்ட மேசை. மூடி போட்ட தண்ணீர் டம்ளர்கள். நடுவில் நரைத்த தலையோடு ஒரு கர்னல், பக்கத்தில் கோப்பைப் புரட்டுகிற பெண் அதிகாரி, மூலையில் ஒரு டைப்பிஸ்ட். கர்னல் மரியாதை தெரிந்த மனிதர். எழுந்து நாற்காலியைக் காட்டினார். கம்பிக்காரர் அதன் நுனியில் உட்கார்ந்தார். பெரியவள் அவர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கோந்துக்காரருக்கு நாற்காலி இல்லை. தபால் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

முதலில் அவரைச் சொல்லச் சொன்னார்கள். அன்றைக்கு எழுதிக்கொண்டிருந்த பேனாவில் மை தீர்ந்துபோனது, அடுத்த மேசைக்காரரிடம் வாங்கி எழுதினேன் என்றார். அந்த மேசைக்காரரைக் கூப்பிடலாமா என்று கர்னல் கேட்டார். அவர் போன வருஷமே இறந்துவிட்டார் என்று கோந்துக்காரர் சொன்னபோது, டைப்பிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான். அது கோந்துக்காரருக்கும் தெரிந்தது. பதிவேட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

பிறகு வாக்குமூலத்தை மேசைமேல் கம்பிக்காரர் பக்கம் நகர்த்தினார்கள். பேனாவையும் வைத்தார்கள்.

"பெரியவரே, இதுல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். உங்க பொண்ணோட தேதியை இன்னைக்கே திருத்தி எழுதிடறோம்" என்றார் கர்னல்.

பெரியவள் அவர் முழங்கையை லேசாகத் தொட்டாள்.

கம்பி கட்டுகிற வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் மேஸ்திரி நின்று எல்லாம் சரியா என்று ஒரு தடவை கேட்பார். சரி என்று சொல்லிவிட்டால் ஊற்றிவிடுவார்கள். அப்புறம் உள்ளே எந்த இடத்தில் முடிச்சு விட்டுப்போனது என்பது கட்டினவனுக்கு மட்டும்தான் தெரியும். முப்பத்தைந்து வருஷத்தில் இரண்டு தடவை கம்பிக்காரர் இல்லை என்று சொல்லியிருக்கிறார். கலவையோடு காத்து நின்ற ஆட்களிடமெல்லாம் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, இறங்கி, மறுபடி கட்டியிருக்கிறார். அதெல்லாம் முகம் தெரியாதவர்கள் குடியிருக்கப்போகிற வீடு. இது பெற்ற பெண்.

பேனாவை எடுத்தார். எடுத்த கையைப் பார்த்தார். எதிர்ச்சுவரில் நிற்கிற மனிதரின் கையைப் பார்த்தார்.

"கொஞ்சம் நிறுத்துங்க ஐயா" என்றார்.

சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றினார். வியர்வையில் நனைந்து, ஒரு மூலையில் துருக்கறை ஏறிய உறை வெளியே வந்தது. மேசைமேல் வைத்தார்.

"இது வந்துச்சு. நான்தான் வாங்கினேன். பொண்ணுகிட்டக் கொடுக்கல."

முதலில் கையை நீட்டியவள் பெரியவள்தான். கடகடவென்று அவள் படிக்கிற வேகத்தை அவர் எத்தனையோ தடவை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறார். இன்றைக்கு அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முகத்தில் ஈயாடவில்லை. படித்து முடித்து, மடிப்பு மாறாமல் மடித்து, கர்னலிடம் கொடுத்தாள்.

கர்னலின் குரலில் இருந்த மரியாதை குறையவில்லை. கேட்ட கேள்விதான் வேறாக இருந்தது.

"மேஜர், இந்தக் கடிதம் உங்க வீட்ல இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"வரவே இல்லைன்னு மனுவுல உறுதியா எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

பெண் அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பெரியவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்ட பிறகுதான் கம்பிக்காரருக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னால் பெண்ணுக்குத் தேதி போகும், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார். அவளையே பொய்க்காரி ஆக்குவார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

எழுந்து நின்றார். அவளுக்கு ஒன்றும் தெரியாது, நானே எழுதித் தருகிறேன் என்றார். நீங்கள் சொன்னால் டைப்பிஸ்ட் அடித்துவிடுவார் என்றார் கர்னல். வேண்டாம், என் கையால் எழுதுகிறேன் என்றார் கம்பிக்காரர்.

முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு எழுத்தையும் கம்பி வளைக்கிற மாதிரி வளைத்து வளைத்து எழுதினார். பெண் அதிகாரி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். பெரியவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'கடிதம் வந்தது. என் மகளுக்குத் தெரியாது. தபால் அனுப்பியவர் மேல் தப்பு இல்லை. தப்பு என்னுடையது.'

கீழே இடம் இருந்தது. யோசித்துவிட்டு இன்னொரு வரி எழுதினார். 'அப்போது என் மனைவி சாகக் கிடந்தாள்.'

கர்னல் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, சொல்ல வேண்டியதைச் சொன்னார். தாமதம் நிர்வாகத்தின் பக்கம் இல்லை என்று ஆகிவிட்டதால் இந்தக் காரணத்தைக் காட்டித் தேதியைத் திருத்த வழியில்லை. தபால் எழுத்தர் மேல் இருந்த குறிப்பு இன்றோடு நீக்கப்படும். மேஜர் தெரிந்தே இந்த மனுவைப் போட்டாரா என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டிவரும். நாளைக் காலைக்குள் அவர் தன் விளக்கத்தை எழுதித் தர வேண்டும். அதுவரை பாலப் பிரிவுப் பட்டியலில் அவர் பெயர் நிறுத்தி வைக்கப்படும்.

*

வெளியே நடையில் கோந்துக்காரர் காத்திருந்தார். நன்றி சொல்லத்தான் நிற்கிறார் என்று கம்பிக்காரர் நினைத்தார். அவர் நன்றி சொல்லவில்லை.

"போன வாரம் நான் வந்தப்பவே சொல்லியிருக்கலாம். இந்த நாலு மாசமா எங்க வீட்டுக்காரிகூட என்னை நம்பல" என்றார். பதிவேட்டோடு மாடிப்படியில் இறங்கிப் போனார்.

நடையின் கடைசியில் ஒரு மரப்பெஞ்சு. பெரியவள் அதில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்திருந்தாள். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். திட்டுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அப்படியாவது செய்தால் தேவலை என்றிருந்தது.

அவள் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "நாலு நாள் வேலைப்பா. போக ஒரு நாள், வர ஒரு நாள். நடுவுல ரெண்டு நாள் பதவி உயர்வுக்கான மருத்துவப் பரிசோதனை, ஒரு கையெழுத்து. அம்மா இந்தக் கடிதம் வந்ததுக்கப்புறம் ஒம்பது நாள் இருந்தாங்க. நான் திரும்பி வந்திருப்பேன்."

"உடனடியாகன்னு இருந்துச்சு. நேரில்னு இருந்துச்சு. அதுக்கு மேல எனக்குப் படிக்க ஓடலம்மா."

"அப்புறமாவது கொடுத்திருக்கலாமே."

அவள் வேலைக்குத் திரும்பிப் போன பிறகு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்ததை அவர் சொன்னார். பதினைந்து நாள் கெடு என்று அதில் இருந்தது. கெடு தாண்டியிருந்தது. தாண்டின பிறகு கொடுத்து என்ன ஆகும் என்று பயந்துவிட்டதாகச் சொன்னார். ஒவ்வொரு தடவை அவள் போன் பண்ணும்போதும் சொல்ல நினைத்து மென்று விழுங்கியதையும் சொன்னார்.

அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு ஒரு பதிலும் தயாராக இருந்தது. அம்மாதான் ஒளித்து வைக்கச் சொன்னாள் என்றால் போதும். செத்துப்போனவள் மேல் பெண்ணுக்கு எத்தனை நாள் கோபம் நிற்கும்? உன்னைப் பிரிய மனசில்லாமல் அம்மா அப்படிச் செய்தாள் என்றால், அழுதுவிட்டு ஆறிப்போவாள். அப்பாவும் தப்பித்துக்கொள்ளலாம்.

வாயைத் திறந்தார்.

"தெரியும். கட்டில்லேருந்து பாத்துட்டா" என்றார். "அவகிட்டக் கொடுத்துடு, போயிட்டு வரட்டும்னு சொன்னா. அன்னைக்கு ரெண்டு தடவை சொன்னா. நான் கொடுக்கல."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள்.

"மூச்சு இழுக்கறப்போ அவ கண்ணு ஒரு மாதிரி போகும்ல. நீ பக்கத்துல இருந்தா எனக்குத் தாங்கும். தனியா இருந்து அதைப் பாக்க எனக்குப் பயமா இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

நடையில் யாரோ கோப்புகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சீருடையைப் பார்த்து நின்று வணக்கம் வைத்தார்கள். பெரியவள் கவனிக்கவில்லை.

"அதான் தினமும் கேட்டாங்களா?" என்றாள். குரல் எங்கேயோ கீழே இருந்து வந்தது. "இன்னும் கிளம்பலையா, உனக்கு வேலை இல்லையா, இன்னும் கிளம்பலையான்னு. மூச்சு விட முடியாம இருந்தப்பக்கூட அதையேதான் கேட்டாங்க. நான் பக்கத்துல இருக்கறது அம்மாவுக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன்ப்பா. கடைசி நேரத்துல என்னை விரட்டிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். ரெண்டு வருஷமா நெனச்சிட்டிருக்கேன்."

ஐந்து மாதத்தைத்தான் எடுத்தோம் என்று கம்பிக்காரர் நினைத்திருந்தார். அவள் தோளைத் தொடலாமா என்று கையைத் தூக்கினார். தோள்பட்டையில் இருந்த பதவிச் சின்னத்தைப் பார்த்ததும் கை தானாக இறங்கிவிட்டது.

அவள் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். விளக்கத்தை இங்கேயே உட்கார்ந்து எழுதப்போவதாகச் சொன்னாள். அவரை வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

"நீ எப்பம்மா வருவே?"

"எந்த பஸ்ஸுன்னு தெரியும்ல?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்று தலையாட்டினார். பூட்ஸ் சத்தம் நடையின் அந்தக் கோடி வரைக்கும் போய், ஒரு கதவு திறந்து மூடியது.

*

பஸ் நிறுத்தத்தில் நல்ல கூட்டம். கம்பிக்காரர் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன் அடித்தது. சின்னவள்.

கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டதாகவும், மூன்று பேருக்கும் சேர்த்துச் சமைத்து வைத்திருப்பதாகவும், அக்காவுக்குப் பிடித்ததைத்தான் செய்திருப்பதாகவும் ஒரே மூச்சில் சொன்னாள். என்ன ஆயிற்று, திருத்திவிட்டார்களா என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாததை அவள் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள்.

"சரி, வந்து சொல்லுங்க. ரெண்டு பேரும் கிளம்பிட்டீங்களா?"

கம்பிக்காரர் அந்தக் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது மாடியில் வரிசையாகப் பன்னிரண்டு ஜன்னல்கள். எதற்குப் பின்னால் அவள் உட்கார்ந்து எழுதுகிறாள், தன்னைக் காப்பாற்ற எழுதுகிறாளா, அப்பாவைக் காப்பாற்ற எழுதுகிறாளா, ஒன்றும் தெரியவில்லை.

"நான் கிளம்பிட்டேன்மா" என்றார்.

"அப்போ அக்கா?"

பஸ் வந்தது. பின்னால் இருந்தவர்கள் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். ஏறுகிறாரா இல்லையா என்று நடத்துநர் சத்தம் போட்டார். கம்பிக்காரர் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். பஸ் போய்விட்டது.

"அப்பா, அக்கா எங்க?" என்று சின்னவள் மறுபடியும் கேட்டாள்.